பருப்புக் கிடங்கில் நச்சுவாயு: பழைய வண்ணாரப்பேட்டை நிகழ்வு ஒன்றும் பூச்சிக்கொல்லிச் சட்டமும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் போகும் சந்து ஒன்றில், தரைத்தளத்தில் மளிகைக் கிடங்கும் மாடியில் குடித்தனங்களுமாக உள்ள பழைய வீட்டில், ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் ஒரு சிறுமி நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். அவள் பிழைத்துக்கொண்டாள். யாரும் கைது செய்யப்படவில்லை. செய்தித்தாளில் இரண்டு வரிகூட வரவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததால், அந்த மாத்திரை எந்தச் சட்டத்தின்படி விற்பனைக்கு வந்தது, எந்தெந்த விதியைத் தாண்டிக் கிடங்குக்குள் நுழைந்தது, வழியில் மறித்திருக்க வேண்டியவர் யார் என்று படிப்படியாகத் தேட நேர்ந்தது. சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் ஒரே தெருவில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் என்பதால் பெயர்களையும் வீட்டு அடையாளத்தையும் தவிர்த்திருக்கிறேன்.

நிகழ்ந்தது

மழைநீர் வடிகால் நிரம்பினால் அதில் வாழும் எலிகள் மேட்டிடம் தேடி வீடுகளுக்குள் ஏறுவது வடசென்னையில் ஆண்டுதோறும் நடப்பதுதான். அந்தக் கிடங்கில் எலித் தொல்லையோடு துவரம்பருப்பு மூட்டைகளில் வண்டும் விழுந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கிடங்குக்காரர் தம் கடைப் பையனைப் பாரிமுனைப் பக்கம் அனுப்பினார். அங்கே ஒரு கடையில் பெரிய புட்டியைத் திறந்து, சாம்பல் நிற மாத்திரைகளை எண்ணி, செய்தித்தாளில் மடித்து, பாலிதீன் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பையனுக்குச் சொல்லப்பட்ட பெயர் ‘வண்டு மருந்து’ என்பது மட்டுமே. அவை 56 விழுக்காடு அலுமினியம் பாஸ்பைடு கொண்ட 3 கிராம் மாத்திரைகள் என்பது பின்னர்தான் தெரியவந்தது. பில் கிடையாது, துண்டறிக்கையும் கிடையாது, செய்தித்தாளில் அன்றைய ராசிபலன் மட்டும் அச்சாகியிருந்தது.

சனிக்கிழமை இரவு கடை அடைக்கும் நேரத்தில் பையன் சில மாத்திரைகளை மூட்டைகளின் இடுக்கில் வைத்து, மீதியைப் பின்சுவர் ஓரத்து எலி வளைகளுக்குள் தள்ளி, ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டான். மழையில் ஊறிய தரை ஈரமாக இருந்தது. பின்சுவரை ஒட்டி மாடிக்கு ஏறும் கழிவுநீர்க் குழாயைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்குச் சுவர் பெயர்ந்திருந்தது. சாரல் அடித்ததால் மாடிக் குடித்தனத்தில் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள்.

இரவில் ஒரு நாற்றம் வந்தது, பூண்டும் அழுகிய மீனும் கலந்ததுபோல. வேறு ஊராக இருந்தால் அந்த நாற்றமே ஆளை எழுப்பியிருக்கும். மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் ஒரு வாடை, காசிமேட்டுப் பக்கமிருந்து அடித்தால் வேறொரு வாடை என்று பழகிப்போன எங்கள் பகுதியில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. விடியும் முன்பே சிறுமிக்கு வாந்தியும் தலைவலியும் வந்தன. பாட்டிக்கு நெஞ்சை அடைத்தது. இரவு வாங்கிவந்த பரோட்டாவின் மேல்தான் முதலில் பழி விழுந்தது. அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர், வீட்டிலோ பக்கத்திலோ எலி மருந்தோ மூட்டைக்குப் போடும் மருந்தோ வைத்தார்களா என்று கேட்ட ஒரு கேள்விதான் சிகிச்சையின் திசையை மாற்றியது. சிறுமியின் தந்தை கிடங்குக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, கீழ மூட்டைக்கு ஏதாச்சும் மருந்து வெச்சீங்களா?”

“ஆமாப்பா, வண்டுக்கு நாலு மாத்திரை வெச்சோம். அது மூட்டைக்குத்தானே, மனுஷனை இன்னா பண்ணப் போவுது?”

கிடங்குக்காரர் கெட்டவர் அல்லர். அன்று மாலை மருத்துவமனை வராண்டாவில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றவர் அவர்தான். அவர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் அனைத்தையும் சட்டம் ஒரு புட்டியின் லேபிளில் அச்சிட வைத்திருந்தது. அந்தப் புட்டி பாரிமுனைக் கடையின் அலமாரியிலேயே இருந்துவிட்டது.

ஒரு மாத்திரையின் கணக்கு

அலுமினியம் பாஸ்பைடு ஈரத்தோடு சேரும்போது பாஸ்பீன் என்னும் வாயுவாக மாறுகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்று ஏறத்தாழ 1 கிராம் பாஸ்பீனை வெளியிடும். காற்றைவிடச் சற்றே கனமான இவ்வாயு மூட்டைக்குள்ளும் சுவர் வெடிப்புக்குள்ளும் எளிதில் ஊடுருவும். தானியக் கிடங்குகளில் இது பயன்படுவதற்குக் காரணமான குணமும் இதுதான். மாடி வீட்டுக்கு ஆபத்தான குணமும் இதுதான். வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்டுள்ள உச்ச வரம்பு பத்து லட்சத்தில் 0.3 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படும் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கு.

வடசென்னைக் குடித்தனத்தின் வழக்கமான பத்துக்குப் பத்து அறையைப் பத்தடி உயரத்தோடு எடுத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். ஒரே ஒரு மாத்திரையின் வாயு முழுவதும் அந்த அறைக்குள் தங்கினால் அளவு பத்து லட்சத்தில் 25 பங்கைத் தொடும். அதாவது வேலையிட வரம்பைப்போல் எண்பது மடங்குக்கு மேல். இரண்டு மாத்திரை போதும், உயிராபத்து வரம்புக்கு. நடைமுறையில் வாயு முழுவதும் ஒரே அறையில் தங்குவதில்லை. கிடங்கில் பாதி, வெளியே பாதி என்று சிதறிப் போகும். அன்றைக்கு அந்தச் சிறுமி பிழைத்தது அந்தச் சிதறலால்தான் என்று நினைக்கிறேன். பாஸ்பீனுக்கு மாற்று மருந்து இல்லை. இதயத்தையும் மூச்சையும் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. நாற்றம் வருகிறதே, அது எச்சரிக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. தூய பாஸ்பீனுக்கு மணமே இல்லை, உடன் வரும் கலப்புகளே நாற்றம் தருகின்றன.

சட்டம் எங்கிருந்து வந்தது

1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நச்சு கலந்த உணவால் பலர் இறந்தார்கள். கேரளத்தில் மட்டும் இறந்தவர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. கப்பலில் கோதுமை உணவுச் சரக்கோடு ஏற்றப்பட்ட பாராதியான் என்னும் பூச்சிக்கொல்லி ஒழுகி மூட்டைகளில் கலந்ததே காரணம். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகவே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் வந்தன. உணவும் நஞ்சும் ஒரே கூரையின்கீழ் இருந்ததால் பிறந்த சட்டம் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு விதி 10-ஏ-வைப் படிக்க வேண்டும்: மனிதரோ கால்நடையோ உண்ணும் பொருள்களைத் தயாரிக்கும், சேமிக்கும், விற்கும் கட்டடத்தில் பூச்சிக்கொல்லியை வைக்கவோ விற்கவோ கூடாது. வீட்டு உபயோகத்துக்கென்று பதிவு பெற்று, முறையாக அடைத்து லேபிள் ஒட்டிய பொருள்களைச் சில்லறையில் விற்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. மளிகைக் கடையில் கொசுவத்தி தொங்குவது இந்த விலக்கால்தான்.

சட்டத்தின் பெயரில் பூச்சி இருந்தாலும், எலி மருந்து, பூஞ்சைக்கொல்லி, களைக்கொல்லி ஆகிய அனைத்தும் இதன் அட்டவணைக்குள் வருகின்றன. இந்தியாவுக்குள் ஒரு நச்சுப்பொருள் விற்பனைக்கு வர முதலில் ஒன்றிய அரசின் பதிவுக் குழு அதைப் பதிவுசெய்ய வேண்டும். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எந்த அளவில், எத்தனை நாள் இடைவெளியில் என்பதையெல்லாம் ஆய்வுத் தரவுகளோடு பார்த்தே அக்குழு அனுமதி தருகிறது. அதற்குப் பிறகு தயாரிப்பதற்கும் விற்பதற்கும் உரிமம் வழங்குவது மாநில அரசின் வேலை. கடைகளில் நுழைந்து மாதிரி எடுக்கவும் இருப்பை முடக்கவும் பூச்சிக்கொல்லி ஆய்வாளர்களுக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் வேளாண் துறை அலுவலர்கள் அப்பணியைப் பார்க்கிறார்கள். உரிமம் இல்லாமல் விற்பது போன்ற குற்றங்களுக்கு, முதல் முறையாயின் இரண்டு ஆண்டு வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம்.

லேபிள் பற்றிய விதி உண்மையிலேயே நன்றாகச் சிந்தித்து எழுதப்பட்டது. எழுத்தறியாதவருக்கும் புரியும்படி சாய்சதுரம் ஒன்று. அதன் கீழ் முக்கோணத்தில் நிறம். சிவப்பு என்றால் மிகக் கடும் நஞ்சு, மஞ்சள் என்றால் கடும் நஞ்சு, அடுத்து நீலம், கடைசியாகப் பச்சை. சிவப்புக்கு மண்டையோடும் எலும்புக் குறியும் சேர்த்துப் போட வேண்டும். உள்ளே வைக்கும் துண்டறிக்கை வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதும், வாங்குகிறவர் கையில் புட்டி போய்ச் சேரும் என்ற ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது.

அலுமினியம் பாஸ்பைடின் ஆபத்தை அரசு அறியாமல் இல்லை. முழுத் தடை இல்லாமல், கட்டுப்பாட்டோடு அனுமதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் அதை வைத்திருக்கிறது. அரசுக்கும், அரசு நிறுவனங்களுக்கும், வல்லுநர் மேற்பார்வையில் வேலை செய்யும் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களுக்கும் மட்டுமே அதை விற்கலாம். புகைமூட்டும் பணிக்கு உரிமம் பெற அறிவியல் படிப்பும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியும் வேண்டும். ஒன்றிய அரசின் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகரின் அனுமதியும் வேண்டும். 3 கிராம் மாத்திரைகளைப் பத்தாகவும் இருபதாகவும் அடைத்த குழாய்ப் பொட்டலங்களை 2001இல் முற்றாகத் தடை செய்தார்கள். வட இந்தியாவில் தற்கொலைக்கு அவை பெருமளவில் பயன்பட்டதே அந்தத் தடைக்குப் பின்னணி.

இத்தனையையும் அடுக்கிப் பார்த்தால், எங்கள் சந்துக்குள் அந்த மாத்திரை வந்ததற்குச் சட்டத்தின் ஓட்டை காரணம் என்று சொல்ல முடியாது. மளிகைக்காரருக்கு விற்றது விதிமீறல். அடைப்பும் லேபிளும் இல்லாமல் உதிரியாகக் கொடுத்தது விதிமீறல். சட்டப் புத்தகத்தில் இருக்கும் வேலிகள் உயரமானவைதான். பாரிமுனைக் கடையின் கல்லாவுக்கு முன்னால் அவற்றுள் ஒன்றுகூட நிற்கவில்லை என்பதே செய்தி.

வாசலுக்கு உள்ளே

முதலில் காவல் நிலையத்துக்குப் போனோம். நச்சுப்பொருளைக் கவனக்குறைவாகக் கையாளுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 286ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. ஆனால் புகார் கொடுக்கச் சிறுமியின் தந்தை விரும்பவில்லை. வாடகை வீடு, முன்பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது, கிடங்குக்காரரிடம் மாதக் கணக்கில் மளிகைப் பற்று வேறு. “பொண்ணு நல்லாயிட்டா சார், விடுங்க” என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாநகராட்சியின் சுகாதாரப் பணியாளர்கள் எலி வளைகளைப் பார்த்துச் சென்றார்கள். மாத்திரை தங்கள் பொருள் அல்ல என்றார்கள், அது சரியான பதில்தான். உணவுப் பாதுகாப்புத் துறையின் அக்கறை பருப்பில் எஞ்சியிருக்கக்கூடிய நச்சைப் பற்றியது. பூச்சிக்கொல்லிச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது வேளாண் துறை. அத்துறையின் ஆய்வு முறை முழுவதும் விதை, உரம், மருந்து என்று உழவர் கடைகளை ஒட்டி அமைந்தது. நெல்லும் கரும்பும் பார்த்துப் பழகிய கண் அது. ஒரு ஏர்கூட உழாத ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எலி மருந்தும் கரப்பான் மருந்தும் கொசு மருந்தும் விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நகரத்தில் நச்சுப்பொருளின் நுகர்வோர் உழவர் அல்லர், குடித்தனக்காரர். அவருக்கென்று ஒரு துறையை இந்தச் சட்டம் நினைத்துப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய இடைவெளி 38ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவர் தம் சொந்த வீட்டு உபயோகத்துக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தம் சாகுபடி நிலத்துக்கோ பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தினால் அந்தப் பயன்பாட்டுக்கு இச்சட்டம் பொருந்தாது. உழவரைத் தொல்லைக்கு ஆளாக்கக் கூடாது என்ற எண்ணத்தில் வைத்த விலக்காக இருக்கலாம். அதன் நியாயம் புரிகிறது. கிடங்கு வணிக இடம் என்பதால் எங்கள் நிகழ்வு இந்த விலக்குக்குள் வராது. ஆயினும் அதே மாத்திரையை மாடிக் குடித்தனக்காரரே வாங்கிவந்து தம் அடுப்படி எலி வளையில் வைத்து, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால், விற்றவரைப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பிடிக்கலாம். வைத்தவரிடம் அச்சட்டத்துக்குப் பேச்சே இல்லை. ஒட்டுச் சுவர்களால் ஆன ஊரில் ‘சொந்த வீட்டு உபயோகம்’ என்பது சொந்த வீட்டோடு நிற்பதில்லை.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியம் வயலுக்கான மருந்தையும் வீட்டுக்கான மருந்தையும் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டது. பயிர்ப் பாதுகாப்புப் பொருள்களுக்கு 2009ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி. எலி, கரப்பான், கொசு ஆகியவற்றுக்கான உயிர்க்கொல்லிப் பொருள்களுக்கு 2012ஆம் ஆண்டின் தனி ஒழுங்குவிதி. புற்றுநோயையோ கருவில் கேட்டையோ விளைவிக்கும் தன்மை மூலப்பொருளுக்கு உண்டு என்று வகைப்படுத்தப்பட்டால், எவ்வளவு கவனமாகப் பயன்படுத்துவோம் என்று வாதாடுவதற்குப் பெரும்பாலும் இடமில்லாமல் வாசலிலேயே நிறுத்துவது அங்குள்ள முறை.

எங்கள் நிகழ்வுக்கு மிக நெருங்கியது அமெரிக்க அனுபவம். அங்கே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1972இல் செய்த திருத்தங்கள், பொதுப் பயன்பாட்டுப் பொருள், கட்டுப்பாட்டுப் பயன்பாட்டுப் பொருள் என்று இரண்டு வகை வைத்தன. பாஸ்பைடு மாத்திரைகள் இரண்டாம் வகை, சான்றிதழ் பெற்றவர் மட்டுமே கையாளலாம். லேபிளுக்கு மாறாகப் பயன்படுத்துவதே குற்றம். வைக்கிற இடம் சொந்த வீடா என்பது பொருட்டல்ல. அப்படியிருந்தும் 2010 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் லேட்டன் நகரில், வீட்டைச் சுற்றிய மண்ணில் எலியினப் பிராணிகளுக்காக ஒரு பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் வைத்த மாத்திரைகளின் வாயு வீட்டுக்குள் கசிந்து, சிறுமியர் இருவர் இறந்தனர். அதே ஆண்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை குடியிருப்புகளில் பாஸ்பைடு பயன்பாட்டை அடியோடு தடை செய்தது. பிற இடங்களில் கட்டடத்திலிருந்து விலகியிருக்க வேண்டிய தூரத்தை 15 அடியிலிருந்து 100 அடியாக உயர்த்தியது. பின்னர் 2017 ஜனவரியில் டெக்சாஸின் அமரில்லோ நகரில், உரிமம் இல்லாத ஒருவர் எங்கிருந்தோ பெற்ற அதே பொருளை வீட்டுக்கு அடியில் இட்டு, நாற்றம் போகத் தண்ணீர் அடித்தபோது, அவருடைய பிள்ளைகள் நால்வர் இறந்தனர். தண்ணீர் பட்டால் வாயு பெருகும் என்பது அவருக்கும் தெரியவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். விதி கடுமையாக இருந்தும் பொருள் கைமாறியது என்பது உண்மை; ஆனால் இரண்டு குழந்தைகள் இறந்தவுடன், அந்த ஆண்டு முடிவதற்குள் லேபிளையே மாற்றி, குடியிருப்பு என்ற இடத்தையே பட்டியலிலிருந்து நீக்க முடிந்தது என்பதும் உண்மை. 100 அடி என்ற அளவை எங்கள் சந்தில் வைத்துப் பார்த்தால், அந்தக் கிடங்கிலிருந்து அந்தத் தூரத்துக்குள் வராத வீடு தேட அடுத்த தெருவுக்குத்தான் போக வேண்டும்.

கடல் தாண்டினால் இலங்கை. 1980ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அங்கே ஒரு பதிவாளர் இருக்கிறார். மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் ஆகிய கடும் நஞ்சுகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும், பாராகுவாட், டைமீத்தோயேட், பென்தியான் ஆகியவற்றை 2008 தொடங்கிப் படிப்படியாகவும் நிறுத்தினார்கள். உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அதனால் விளைச்சல் சரிந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. தென்கொரியா 2011இல் பாராகுவாட் பதிவை ரத்துசெய்த பிறகும் பூச்சிமருந்துத் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. பயன்படுத்துகிறவர் கவனத்தை நம்பாமல் பொருளையே கடையிலிருந்து எடுத்துவிடுவது இந்நாடுகள் கண்ட வழி. என் மதிப்பீட்டில், நம் நாட்டுச் சூழலுக்குப் பொருந்துவது அமெரிக்க லேபிளைவிட இலங்கை வழியே.

மாநிலத்தின் கை எவ்வளவு நீளும்

தமிழ்நாடு அரசே இதைச் செய்துவிடலாமே என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, விடை 27ஆம் பிரிவில் இருக்கிறது. மக்களுக்கு ஆபத்து என்று கருதினால் மாநில அரசு ஒரு பூச்சிக்கொல்லியின் விற்பனையை 60 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். அதோடு சரி. பதிவை ரத்துசெய்து நிலையாகத் தடை விதிப்பது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 2022–23இல் தமிழ்நாடு அரசு, மோனோகுரோட்டோபாஸ், அசிபேட் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளின் விற்பனையைத் தற்கொலைகளைக் காரணம் காட்டி 60 நாள்களுக்கு நிறுத்தியது இந்த அதிகாரத்தின்கீழ்தான். 3 விழுக்காடு மஞ்சள் பாஸ்பரஸ் கொண்ட எலிப் பசையை நிலையாக ஒழிக்கும் முயற்சியும் அப்போதே தொடங்கியது. கல்லீரலை அழிக்கும் அந்தப் பசைக்கும் மாற்று மருந்து கிடையாது. நம் மாநில மருத்துவர்கள் அதை நன்கு அறிவார்கள்.

ஒன்றிய அரசின் நடையோ மெதுவானது. 66 பூச்சிக்கொல்லிகளை மறுபரிசீலனை செய்ய 2013இல் அனுபம் வர்மா தலைமையில் அமைந்த குழு 2015இல் அறிக்கை தந்தது. 2018 ஆகஸ்டில் 18 பொருள்களுக்குத் தடை ஆணை வந்தது. அவற்றுள் டைகுளோர்வாஸ், போரேட் உள்ளிட்ட ஆறு பொருள்களுக்கு 2020 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். குழு அமைந்ததிலிருந்து கடை அலமாரி காலியாக ஏழு ஆண்டுகள். 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகமான பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதாவும் நிலைக்குழுவுக்குப் போய், 2021 டிசம்பரில் அறிக்கை பெற்றதோடு நின்றது.

2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில், எலித் தொல்லைக்காக வைக்கப்பட்ட மருந்தின் நெடி பரவி இரண்டு குழந்தைகள் இறந்தபோது சென்னை முழுவதும் அதிர்ந்தது. அங்கே மருந்து வைத்தது பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்று. எங்கள் சந்தில் வைத்தது கடைப் பையன். இரண்டிலும் பொதுவானது, ஆள் தூங்கும் இடத்துக்கு அருகில் வாயுவாக மாறும் நஞ்சை வைக்கக் கூடாது என்று தெளிவாக, தனியாக, வீட்டுக்காரருக்குப் புரியும்படி நம் விதிகள் சொல்லாததுதான்.

இலங்கை வழி பொருந்தும் என்றேன்; அப்படியானால் பாஸ்பைடை நாடு முழுவதும் தடைசெய்யலாமா என்றால், அதை மட்டும் என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையால் மெத்தில் புரோமைடு என்னும் மற்றொரு புகைமூட்டு வாயு, துறைமுகத் தனிமைப்படுத்தல் போன்ற சில பயன்பாடுகள் நீங்கலாக, விலக்கப்பட்டுவிட்டது. இந்திய உணவுக் கழகம் முதல் தனியார் கிடங்குகள் வரை ரேஷன் அரிசியும் கோதுமையும் வண்டிடமிருந்து தப்புவது பெரும்பாலும் பாஸ்பீனால்தான். முறையாகச் செய்யும்போது மூட்டை அடுக்கை வாயு புகாத தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணற்பைகளை வைத்து, நாள்கணக்கில் பூட்டி, பிறகு கருவியால் அளந்து காற்றோட்டம் விட்ட பின்பே ஆளை உள்ளே அனுப்புகிறார்கள். அந்த வேலையை ஷட்டர் கடையில் செய்ய முடியாது. ஆகவே பொருள் இருக்கட்டும். அது புகைமூட்டுநரின் கையைத் தாண்டி ஒரு மாத்திரைகூட உதிரியாக வெளிவராதபடி, தயாரிப்பாளரிடமிருந்து அவர் வரை புட்டிக்குப் புட்டி கணக்கு வேண்டும்.

மனுவும் அதன் பிறகும்

சங்கத்தின் மனுவில் வேளாண் துறையிடம் மூன்று கோரிக்கைகளை வைத்தோம். முதலாவது, பாரிமுனைப் பகுதியில் பூச்சிமருந்து விற்கும் கடைகளில் கட்டுப்பாட்டுப் பட்டியல் பொருள்களின் இருப்புப் பதிவேட்டைச் சோதிக்க வேண்டும். இரண்டாவது, குடியிருப்புக் கட்டடங்களில் பாஸ்பைடு வைப்பதைத் தடைசெய்யுமாறு பதிவுக் குழுவுக்கு மாநில அரசு எழுத வேண்டும். மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகக் கருதினேன். 26ஆம் பிரிவின்படி, பூச்சிக்கொல்லியால் ஏற்படும் ஒவ்வொரு நச்சுப் பாதிப்பையும் தெரிவிக்குமாறு குறிப்பிட்ட பிரிவினருக்கு மாநில அரசு அறிவிக்கை மூலம் கட்டளையிடலாம். சென்னையின் அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும், உயிர் பிழைத்தவர்களின் நிகழ்வையும் சேர்த்து, பொருளின் பெயரோடு வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டோம். இறப்பு நேர்ந்தால் காவல் துறை வழியாகச் செய்தி வெளிவருகிறது. எங்கள் சிறுமியைப் போலப் பிழைத்தவர்களின் நிகழ்வு மருத்துவமனைப் பதிவேட்டோடு முடிந்துபோகிறது. எண்ணிக்கை இல்லாத ஆபத்தைப் பதிவுக் குழுவின் மேசையில் எதை வைத்து வாதாடுவது?

மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது வந்தது. கடைச் சோதனை நடந்ததாகச் சொன்னார்கள். எங்களுக்கு விற்ற கடையில் அந்தப் புட்டி இல்லையாம். மற்ற இரண்டு கோரிக்கைகளுக்கும் பதில் வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

தெருவில் எங்களால் முடிந்ததைச் செய்துகொண்டோம். கிடங்குக்காரர் குழாயைச் சுற்றிய ஓட்டையைச் சிமென்டால் அடைத்தார். பருப்பு மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கி மரப்பலகை மேல் அடுக்கினார். வண்டு விழுந்த சரக்கை மில்லுக்கே திருப்பி அனுப்பினார். எலிக்குக் கூண்டும் ஒட்டு அட்டையும் போதும் என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. மழைக்காலத்தில் அவை போதா என்பதும் எல்லோருக்கும் தெரியும். மாடிக் குடித்தனம் காலிசெய்யவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறார்கள், கொசுவுக்கு மின்சாரத்தில் சூடாகும் திரவப் புட்டியைப் போட்டுக்கொண்டு. அந்தப் புட்டியின் லேபிளைச் சிறுமி படித்துக் காட்டியதாக அவளுடைய பாட்டி சொன்னார். முக்கோணம் எந்த நிறம் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.